சினிமா கேமரா கார்டுக்கு எந்த ரீடர் வாங்குவது? வேகம் எங்கே தொலைகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்

512 ஜிபி கார்டு முழுக்க ஃபுட்டேஜ். அதை ரீடரில் செருகி, போனோடு வந்த சார்ஜிங் கேபிளால் லேப்டாப்பில் இணைத்துக் காப்பி போட்டால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். கார்டையும் ரீடரையும் தொடாமல், கேபிளை மட்டும் சரியானதாக மாற்றுங்கள். அதே காப்பி பத்து நிமிடத்தில் முடியலாம். இரண்டு கேபிளும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், இரு முனையிலும் அதே டைப்-சி. ஆனால் சார்ஜிங் கேபிள்களில் பெரும்பாலானவற்றுக்குள் யுஎஸ்பி 2.0 கம்பிகள்தான் ஓடுகின்றன. அதில் விநாடிக்கு 35, 40 எம்பிக்கு மேல் போகாது.

ரீடர் வாங்கப் போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கார்டு, ரீடர், கேபிள், போர்ட், காப்பி போய்ச் சேரும் டிஸ்க், காப்பி சரியா என்று சரிபார்க்கும் மென்பொருள் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் எது மெதுவோ, அதன் வேகம்தான் மொத்த வேலையின் வேகம். ரீடரின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ரீடருக்குள் என்ன நடக்கிறது

ரீடர் ஒரு மொழிபெயர்ப்பாளர். கார்டு ஒரு மொழி பேசும், கணினியின் போர்ட் இன்னொரு மொழி பேசும். நடுவில் ஒரு சிறிய சிப் உட்கார்ந்து இரண்டையும் இணைக்கிறது. வேகமான கேமரா கார்டு வகையான சிஎஃப்எக்ஸ்பிரஸைப் பிரித்துப் பார்த்தால், அது இன்றைய லேப்டாப்புக்குள் இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியின் குட்டி வடிவம்தான்; பிசிஐஇ என்ற மொழி பேசுகிறது. சிஃபாஸ்ட் 2.0 கார்டு, பழைய எஸ்எஸ்டிகளைப் போல சாட்டா என்ற மொழி பேசுகிறது. எஸ்டி கார்டுக்குத் தனக்கென்று ஒரு மொழி. இவற்றையெல்லாம் யுஎஸ்பியாகவோ, அதைப் போன்ற இன்னொரு வேக இணைப்பான தண்டர்போல்ட்டாகவோ மாற்றித் தருவது அந்தச் சிப்பின் வேலை.

ஆகவே ஒவ்வொரு ரீடருக்கும் இரண்டு உச்சவரம்பு உண்டு. ஒன்று கார்டு பக்கம், மற்றொன்று கணினி பக்கம். இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

எண்களைப் படிக்கும் விதம்

யுஎஸ்பி, தண்டர்போல்ட் வேகத்தை ஜிகாபிட் கணக்கில் சொல்வார்கள். கார்டின் வேகம் மெகாபைட் கணக்கில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வழியில் ஆகும் சேதாரத்தையும் கழித்துவிட்டால், நடைமுறையில் 5 ஜிகாபிட் போர்ட்டில் விநாடிக்கு 400 முதல் 450 எம்பி வரை கிடைக்கும். 10 ஜிகாபிட்டில் 900 முதல் 1000. 20 ஜிகாபிட்டில் 1800 முதல் 2000. 40 ஜிகாபிட் தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4 என்றால் சுமார் 3000. இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் பெயர்களில் இருக்கிறது. யுஎஸ்பி 3.0, யுஎஸ்பி 3.1 ஜென் 1, யுஎஸ்பி 3.2 ஜென் 1 ஆகிய மூன்றும் ஒரே பொருள், 5 ஜிகாபிட். “யுஎஸ்பி 3.2” என்று மட்டும் எழுதியிருந்தால் அது 5 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். பெயரை விட்டுவிட்டு எத்தனை ஜிகாபிட் என்று மட்டும் தேடுங்கள். எங்கும் போடவில்லை என்றால் அந்த ரீடரை வாங்க வேண்டாம்.

கார்டின் முகத்தில் உள்ள எண்களும் இரண்டு வகை. 1700 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது படிக்கும் வேகத்தின் உச்சம். எஸ்டி கார்டில் வி90 என்று இருந்தால், எழுதும்போது விநாடிக்கு 90 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதம். சிஎஃப்எக்ஸ்பிரஸில் விபிஜி 400 என்பது அதே மாதிரி 400 எம்பிக்கான உத்தரவாதம். கேமராவில் பதிவு அறுந்துபோகாமல் இருக்க இந்த உத்தரவாத எண்தான் முக்கியம். காப்பி போடும்போது படிக்கும் வேகம் முக்கியம். ரீடர் தேர்வில் நமக்கு வேண்டியது பின்னது.

எந்தக் கார்டுக்கு எவ்வளவு போதும்

எஸ்டி கார்டில் எடுப்பவர்களுக்கு, உதாரணமாக கேனான் சி70 வைத்திருப்பவர்களுக்கு, செலவு குறைவு. எஸ்டியில் வேகமான யுஎச்எஸ்-2 வகையின் உச்சவரம்பே விநாடிக்கு 312 எம்பி. 5 ஜிகாபிட் யுஎஸ்பி ரீடர் தாராளமாகப் போதும். ஆனால் ரீடரும் யுஎச்எஸ்-2 ஆக இருக்க வேண்டும். கார்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். யுஎச்எஸ்-1 கார்டில் தங்க நிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையாக இருக்கும். யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இரண்டாவதாக இன்னொரு வரிசை இருக்கும். ரீடருக்குள் அந்த இரண்டாம் வரிசையைத் தொடும் ஊசிகள் இல்லாவிட்டால் கார்டு வேலை செய்யும், ஆனால் விநாடிக்கு 90 எம்பி அளவில் நின்றுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதனால்தான் பலர் மாதக்கணக்கில் இதைக் கவனிப்பதே இல்லை. இன்னொன்று: யுஎச்எஸ்-1 கார்டுகள் சிலவற்றில் 170 அல்லது 200 எம்பி என்று அச்சிட்டிருக்கும். அது அந்த வகையின் விதிமுறையைத் தாண்டிய, தயாரிப்பாளரின் சொந்த ஏற்பாடு. அதற்கென்றே செய்த ரீடரில் மட்டும் அந்த வேகம் வரும். விலை உயர்ந்த யுஎச்எஸ்-2 ரீடரில் போட்டாலும் பழைய 90க்குத்தான் திரும்பும்.

ஆரி அலெக்ஸா மினி, ரெட் கொமோடோ போன்ற கேமராக்கள் சிஃபாஸ்ட் 2.0 கார்டு எடுக்கின்றன. கார்டின் வேகம் 500 எம்பியை ஒட்டி இருக்கும். 5 ஜிகாபிட் ரீடரே கிட்டத்தட்ட முழுதாகக் கறந்துவிடும், 10 ஜிகாபிட் என்றால் மீதிச் சொச்சமும் கிடைக்கும். சிஃபாஸ்டும் பழைய காம்பாக்ட் ஃபிளாஷும் வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும். விளிம்பைப் பாருங்கள். காம்பாக்ட் ஃபிளாஷில் ஐம்பது சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும், சிஃபாஸ்டில் சாட்டா பிளக்கின் தட்டையான தொடுமுனைகள் தெரியும். ஒன்றின் ரீடரில் மற்றொன்றை அழுத்தித் திணித்தால் ஊசி வளைந்து ரீடர் போய்விடும்.

சோனி எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்6 எடுக்கும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் ஏ டைப், விரல்நுனி அளவுக் கார்டு. அதில் ஒரே ஒரு பிசிஐஇ தடம் (தகவல் ஓடும் பாதை), உச்சம் 1000 எம்பி. 10 ஜிகாபிட் ரீடர் இதற்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும். அதற்கு மேல் காசு போட வேண்டாம்.

யோசிக்க வேண்டியது பி டைப் வைத்திருப்பவர்கள்தான். கேனான் சி500 மார்க் 2, ரெட் வி-ராப்டர் எல்லாம் இந்த வகை. இரண்டு தடம், உச்சம் 2000 எம்பி, நல்ல கார்டில் 1700 வரை நிஜமாகவே கிடைக்கும். சந்தையில் அதிகமாக விற்கும் 10 ஜிகாபிட் ரீடரில் இதைப் போட்டால் பாதிக்கு மேல் வராது. 20 ஜிகாபிட் ரீடர் வாங்கலாமே என்று தோன்றும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. 20 ஜிகாபிட் யுஎஸ்பி, அதாவது ஜென் 2x2, எல்லாக் கணினியிலும் கிடையாது. தண்டர்போல்ட் 3, 4 போர்ட் உள்ள மேக் கணினிகள் அதை ஆதரிப்பதில்லை. அதில் செருகினால் ரீடர் சத்தமில்லாமல் 10 ஜிகாபிட்டுக்கு இறங்கி ஓடும். அந்த மேக் வைத்திருப்பவர்கள் ஒன்று 10 ஜிகாபிட்டோடு திருப்திப்பட வேண்டும், அல்லது தண்டர்போல்ட்டுக்கோ யுஎஸ்பி4க்கோ நேராகப் போய்விட வேண்டும். நடுவில் உள்ள 20 அவர்களுக்குப் பயன் தராது.

2023இல் சிஎஃப்எக்ஸ்பிரஸ் 4.0 விதிமுறை வந்தது. ஒவ்வொரு தடத்தின் வேகமும் இரட்டிப்பு. பி டைப் உச்சம் 4000, ஏ டைப் 2000. இந்தக் கார்டுகளின் வேகத்தைப் பெரும்பாலும் பெற 40 ஜிகாபிட் யுஎஸ்பி4 ரீடர் வேண்டும். கார்டு புதியது, கேமராவும் ரீடரும் பழையது என்றாலும் ஓடும், பழைய வேகத்தில்.

பி டைப் கார்டும் அதற்கு முந்தைய எக்ஸ்க்யூடி கார்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். அதனால் இரண்டையும் ஒரே ரீடர் படிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சிஎஃப்எக்ஸ்பிரஸ் ரீடர்களில் பல எக்ஸ்க்யூடியைக் கண்டுகொள்ளாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பெயரும் ரீடரில் எழுதியிருக்க வேண்டும்.

அலெக்ஸா 35 பயன்படுத்தும் கோடெக்ஸ் காம்பாக்ட் டிரைவ், சோனி வெனிஸின் ஏஎக்ஸ்எஸ் கார்டு போன்றவற்றுக்கு அந்தந்த வகைக்கான ரீடரும், சில நேரம் கணினியில் நிறுவ வேண்டிய மென்பொருளும் தேவைப்படும். கேமரா வாடகைக்கு எடுக்கும்போதே ரீடரையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். படப்பிடிப்பு நாளில் தேடினால் கிடைக்காது.

கேபிளும் போர்ட்டும்

ரீடரோடு பெட்டியில் வரும் கேபிளைத் தனியாக வைத்து, அதன் மேல் ஒரு வண்ண டேப் சுற்றிவிடுங்கள். பையில் கிடக்கும் மற்ற கேபிள்களோடு கலந்தால் மறுபடி கண்டுபிடிப்பது கடினம். நீளம் கூடக்கூட அதிவேக சிக்னல் தேயும். 10 ஜிகாபிட்டுக்கு மேல் போகிறவர்கள் ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பழைய தண்டர்போல்ட் 3 கேபிள்களில், சிக்னலைப் பெருக்கும் சிப் இல்லாத சாதாரண வகையில் 40 ஜிகாபிட் வேண்டுமென்றால் அரை மீட்டர், முக்கால் மீட்டர் குட்டைக் கேபிளாகத்தான் இருக்கும்.

ரீடர் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, கணினியிடமே கேட்கலாம். மேக்கில் ஆப்பிள் மெனுவை ஆப்ஷன் விசையோடு திறந்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் வரும். அதில் யுஎஸ்பி பகுதியில் ரீடரின் பெயரைச் சொடுக்கினால் வேகம் தெரியும். 480 மெகாபிட் என்று காட்டினால் கேபிள் தவறு. 10 ஜிகாபிட் ரீடருக்கு 5 ஜிகாபிட் என்று காட்டினால் போர்ட்டையோ கேபிளையோ மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் யுஎஸ்பி ட்ரீ வியூ என்ற சிறிய மென்பொருள் இதே விவரத்தைத் தரும்.

ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு 10 ஜிகாபிட் ஹப்பில் ரீடரையும் டிஸ்க்கையும் சேர்த்துச் செருகினால், இரண்டுக்கும் கணினியோடு பேச இருப்பது அந்த ஒரே குழாய்தான். இரண்டு ரீடர்களைச் செருகினால் வேகம் பாதியாகும். மின்சாரப் பிரச்சினையும் அங்கேதான் தொடங்கும். சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு வேகமாகப் படிக்கும்போது நிறைய மின்சாரம் இழுக்கும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நடுவழியில் கார்டு காணாமல் போவதற்கு இதுதான் முதல் சந்தேகம். ரீடர் ஒரு போர்ட்டில், டிஸ்க் இன்னொரு போர்ட்டில், இரண்டும் நேராகக் கணினியில் என்று வைத்துக்கொள்வதே நல்ல பழக்கம்.

போய்ச் சேரும் இடம்

ரீடருக்கு ஆன செலவு வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கணக்கைப் போட்டே பார்ப்போம். ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற வீடியோ வடிவம், யுஎச்டி (4கே) அளவு, விநாடிக்கு 24 ஃபிரேம் என்று பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆப்பிள் தரும் கணக்குப்படி இது விநாடிக்கு 707 மெகாபிட், மணிக்கு 318 ஜிபி. 512 ஜிபி கார்டு ஒன்றில் சுமார் 96 நிமிடம் கொள்ளும். கையில் இரண்டு கார்டு மட்டும் இருக்கிறது, ஒன்று கேமராவில், ஒன்று உங்களிடம். கேமராவில் உள்ளது நிரம்புவதற்குள் உங்களிடம் உள்ளதைக் காப்பி போட்டு, சரிபார்த்து, திருப்பித் தர வேண்டும்.

டிஸ்க் ஒரு 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். காலியாக இருக்கும்போது விநாடிக்கு 200 எம்பி எழுதும். 512 ஜிபிக்கு 43 நிமிடம். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னொரு 43. மொத்தம் 86 நிமிடம், மயிரிழையில் தப்பிவிடலாம். ஆனால் ஹார்டு டிஸ்க் நிரம்ப நிரம்ப, எழுதும் இடம் தட்டின் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்கு நகரும். உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அடங்கும் தகவல் குறைவு, வேகமும் குறையும். 150க்கு இறங்கினால் 57 நிமிடமும் 57 நிமிடமும் சேர்ந்து 114. கேமரா கார்டுக்காகக் காத்து நிற்கும். கேமரா நிறுத்தாமல் ஓடுவதில்லை என்பதால் நிஜத்தில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. இந்தக் கதையில் 3000 எம்பி ரீடர் வாங்கியிருந்தாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகியிருக்காது என்பதைக் கவனியுங்கள். விநாடிக்கு 200 எம்பிதான் டிஸ்க்கின் வாய்.

அதே கார்டை 10 ஜிகாபிட் ரீடரில் படித்து, 10 ஜிகாபிட் என்விஎம்இ எஸ்எஸ்டியில் எழுதினால் 900 எம்பி வேகத்தில் ஒன்பதரை நிமிடம், சரிபார்க்க இன்னொரு ஒன்பதரை. இருபது நிமிடத்தில் முதல் காப்பி கையில். பிறகு அந்த எஸ்எஸ்டியிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு இரண்டாவது காப்பி நிதானமாக ஓடட்டும். காப்பி மென்பொருள்களில் சில இந்த அடுக்குமுறையைத் தாமாகவே செய்யும். ஒன்று மட்டும் மாறாது: சரிபார்த்த இரண்டு காப்பி இரண்டு வேறு டிஸ்க்கில் உட்காரும் வரை கார்டை யாரும் ஃபார்மட் செய்யக் கூடாது. காப்பி ஆகாத கார்டுக்கு ஒரு நிற டேப், ஆன கார்டுக்கு வேறு நிறம் என்று ஒட்டிவிட்டால் கை தவறாது.

எஸ்எஸ்டியிலும் எல்லாம் ஒன்றல்ல. விலை மலிவான க்யூஎல்சி வகையில் முதல் சில பத்து ஜிபி, சிலவற்றில் அதற்கும் மேல், மின்னலாக எழுதும். அதன் தற்காலிக இடம் நிரம்பியதும் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு விழுபவையும் உண்டு. ஃபோட்டோ, ஆவணம் வைப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரே மூச்சில் 500 ஜிபி எழுதுகிற நமக்கு உடனே தெரியும்.

சரிபார்ப்பது

ஃபைண்டரிலோ எக்ஸ்ப்ளோரரிலோ இழுத்துப் போடும் காப்பியில், எழுதியது மூலத்தோடு பொருந்துகிறதா என்று யாரும் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. சில்வர்ஸ்டாக், ஷாட்புட் ப்ரோ, டாவின்சி ரிசால்வில் உள்ள குளோன் வசதி போன்றவை ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற கைரேகையைக் கணக்கிட்டு, இரண்டு பக்கமும் ஒன்றா என்று ஒப்பிடும். செக்சத்தில் வகைகள் உண்டு. எம்டி5 பழையது, எல்லா இடத்திலும் ஏற்பார்கள், ஆனால் ஒரு பிராசஸர் கோரில் விநாடிக்குச் சில நூறு எம்பி அளவில்தான் கணக்கிட முடியும். எக்ஸ்எக்ஸ்ஹாஷ் பல மடங்கு வேகம். ரீடரும் டிஸ்க்கும் 1500 எம்பி தாங்கும், காப்பி மட்டும் 600ஐத் தாண்டவில்லை என்றால் மென்பொருளின் அமைப்பில் எம்டி5 தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். எடிட்டிங் பக்கம் எம்டி5தான் வேண்டும் என்று கேட்காத வரை எக்ஸ்எக்ஸ்ஹாஷ் போதும்.

சூடு

புதிய ரீடரைச் சோதிப்பவர்கள் 5 ஜிபி, 10 ஜிபி கோப்பை ஓட்டிப் பார்த்து, வேகம் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு நீண்ட நேரம் படிக்கும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். ஓர் அளவைத் தாண்டியதும் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். ரீடரின் சிப்பும் அப்படியே. முதல் இரண்டு மூன்று நிமிடம் மேலே இருக்கும் கோடு திடீரென்று பள்ளத்தில் விழும், கொஞ்சம் ஆறியதும் எழும், மறுபடி விழும். காப்பி மென்பொருளின் வேக வரைபடத்தில் இந்த ரம்பப்பல் வடிவம் தெரிந்தால் காரணம் சூடுதான்.

பிளாஸ்டிக் கூட்டுக்குள் சூடு வெளியேற வழியில்லை. அலுமினியக் கூடு, உள்ளே சிப்பைக் கூட்டோடு ஒட்டும் வெப்பப் பட்டை, வசதி இருந்தால் சிறிய மின்விசிறி. இவை உச்ச வேக எண்ணைவிட முக்கியம். தொடர்ந்து 900 தரும் ரீடர், 1600இல் தொடங்கி 400க்கு விழும் ரீடரைவிட நாள் முடிவில் அதிகக் கார்டுகளைக் காலி செய்யும். ரீடரை லேப்டாப்பின் சூடான மேல்பகுதியில் வைக்க வேண்டாம், வெயிலிலும் வேண்டாம். காப்பி முடிந்ததும் கார்டை வெறுங்கையால் உருவும்போது சூடு கவனம்.

தவறு நடக்கும் இடங்கள்

கார்டைச் செருகியதும் விண்டோஸ் சில நேரம் “ஸ்கேன் செய்து சரிசெய்யவா” என்று கேட்கும். காப்பி எடுக்கும் முன் சம்மதிக்க வேண்டாம், அது கார்டில் எழுதும். “ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று கேட்டால் ரத்து செய்துவிட்டு, கார்டை வேறு ரீடரிலோ கேமராவிலோ போட்டுப் பாருங்கள். பல நேரம் கார்டில் குறையே இருக்காது. ரீடரின் தொடுமுனையில் தூசியோ, கணினிக்குத் தெரியாத கோப்பு முறையோ காரணமாக இருக்கும்.

மேக் கணினி தன் தேடல் வசதிக்காகக் கார்டில் மறைவான கோப்புகளை எழுதும். எஸ்டி கார்டில் பக்கவாட்டு லாக் பொத்தானைக் கீழே இறக்கிவிட்டால் அதைத் தடுக்கலாம். அந்தப் பொத்தான் கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. அதன் இருப்பிடத்தைப் பார்த்து எழுதாமல் இருப்பது ரீடரின் பொறுப்பு. நல்ல ரீடர் மதிக்கும். சிஎஃப்எக்ஸ்பிரஸில் அப்படிப் பொத்தானே கிடையாது.

கேமராக்கள் பலவும் கார்டை எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்கின்றன. எழுதும் நடுவே பிடுங்கினால் மீட்டுக்கொள்ள மாற்றங்களைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பு (ஜர்னல்) போன்ற பாதுகாப்பு அதில் இல்லை. எஜெக்ட் கொடுத்து, ரீடரின் விளக்கு அணைந்த பிறகு எடுங்கள்.

ரீடர் வாங்கிய அன்றே ஒரு சோதனை ஓட்டுங்கள். உங்கள் கேமராவிலேயே கார்டை முழுக்க நிரப்புங்கள். படப்பிடிப்பில் பயன்படுத்தப்போகும் அதே கேபிள், அதே போர்ட், அதே டிஸ்க், சரிபார்ப்பு ஆன் செய்த அதே மென்பொருள். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 512 ஜிபி கார்டை 476 என்று காட்டும். அது 1024 கணக்கில் எண்ணுவதால் வருவது, கார்டில் குறையில்லை. கார்டின் அளவை எடுத்த விநாடிகளால் வகுத்தால் வரும் எண்தான் உங்கள் உண்மையான வேகம். அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி ரீடர் உறையிலேயே போட்டு வையுங்கள், எத்தனை கார்டு வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்கும்போது பதில் அதில் இருக்கும். ரீடர் உடைவதும் ஊசி வளைவதும் சகஜம் என்பதால், அதே வகையில் மலிவான 10 ஜிகாபிட் ரீடர் ஒன்றையும் அதற்குரிய கேபிளோடு பையின் இன்னொரு அறையில் வைத்திருங்கள்.